தறிக்குழி முதலாளி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் முதல் தடவை அதில் கால் இடறுவார்கள். இரண்டாம் தடவை வரமாட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் விஷயத்தில் மட்டும் இந்த விதி பலிக்கவில்லை. அவர்களுக்குப் பள்ளம் பழகிவிட்டது.

அது என் அப்பாவின் தறிக்குழி. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்து மிதித்து நாற்பது வருஷம் பட்டு நெய்தார். அவர் போன பிறகு தறியைப் பிரித்து விற்றோம். மரம் போயிற்று, அச்சு போயிற்று, ஜக்கார்டு பெட்டிகூட ஒரு விலைக்குப் போயிற்று. குழியை மட்டும் யாரும் வாங்கவில்லை.

எங்கள் ஊர் தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் அமைதியாக இருக்கிற ஊர். திரையன் என்கிற மன்னன் வெட்டிய ஏரி, அதனால் திரையனேரி, அதுவே வாயில் புரண்டு தென்னேரி ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஏரி பேரை மாற்றிக்கொண்டதே தவிர, வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் தொழிலை மாற்றவில்லை. நான் அதற்கு நேர்மாறு. பேர் அப்படியே இருக்கிறது. தொழிலைத்தான் மாற்றிக்கொண்டே வந்தேன்.

அப்பாவின் தறியில் எனக்கும் ஓர் உத்தியோகம் இருந்தது. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒரு நாடா உடலுக்கு, இரண்டு கரைக்கும் தலைக்கொரு நாடா என்று மூன்று நாடாவை ஓட்டி, இழைக்கு இழை கோத்து வாங்குவதுதான் கோர்வை. நெய்கிறவருக்குக் கை இரண்டுதானே? அதனால் வலப்பக்கம் ஒரு பையனை உட்கார வைத்து, அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளச் சொல்வார்கள். எட்டு வயதிலிருந்து அந்தப் பையன் நான். மத்தியானம் தூங்கி விழுவேன். அப்பா தலையைத் திருப்பாமலே முழங்கையால் ஒரு இடி கொடுப்பார். "கரைக்காரன் தூங்குனா கல்யாணப் பொண்ணு தலையில விடியும்டா."

பத்தாவது தேறியதும் அப்பாவே என்னைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டார். வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதப் போனேன். பகலெல்லாம் அடுத்தவர் லாபத்தை எழுதி எழுதி, மாலையில் எனக்கும் முதலாளி ஆசை வந்துவிட்டது. வாசல் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, சரக்கைப் போட்டுவைக்கக் குழியும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

முதலில் வீடியோ கேசட் வாடகைக் கடை. வருஷம் 1998. திண்ணையில் ரேக் அடித்து 140 கேசட்டுகளை அடுக்கினேன். கேபிள் கம்பி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்ததும் அந்த வருஷம்தான். கேபிள்காரர் கம்பத்தில் ஏறியிருந்தபோது, பாவம் வெயிலில் நிற்கிறாரே என்று மோர் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான்.

அடுத்தது எஸ்.டி.டி. பூத். 2003 மே மாதத்தில்தான் செல்போனுக்கு வருகிற அழைப்பு இலவசமானது. அதுவரை மணி அடித்தால் காசு போகுமே என்று பயந்திருந்தவர்கள் எல்லாம் போன் வாங்கக் கிளம்பினார்கள். ஜூன் மாதத்தில் நான் மஞ்சள் பலகை மாட்டினேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மின்விசிறியும் வைத்தேன். காற்று வாங்க மூன்று பேர் வந்தார்கள்.

பிறகு ரீசார்ஜ் அட்டைக் கடை. இதில்தான் எனக்கு நிர்வாக அறிவு முற்றியது. கடலூர்க்காரர் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பு தொடங்கி, கிராமத்துக் கடைகளில் பெரிய கம்பெனிகளோடு மோதிய கதையைப் படித்திருந்தேன். எந்தக் கம்பெனியின் காலி சாஷே என்றாலும் சரி, ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றாராம். ஜனங்கள் ருசி கண்ட பிறகு, சிக் சாஷே ஐந்து கொண்டுவந்தால்தான் இலவசம் என்று மாற்றினாராம். அடடா என்று துள்ளி எழுந்தேன். "சுரண்டிய ரீசார்ஜ் அட்டை ஐந்து கொண்டுவந்தால் ஒரு கடலை மிட்டாய்" என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் காலையில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாசலில். பஸ் நிலையம், ஏரிக்கரை, குப்பைத்தொட்டி ஒன்றையும் விடாமல் பொறுக்கியிருந்தார்கள். தென்னேரி அன்றைக்கு இருந்த சுத்தம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டு டப்பா மிட்டாய் காலி. ரீசார்ஜ் செய்ய ஒருவரும் வரவில்லை. ரங்கநாதன் இலவசம் கொடுத்தது தலைக்குத் தேய்ப்பவர்களுக்கு. நான் கொடுத்தது பல்லில் கடிப்பவர்களுக்கு. இந்த வித்தியாசம் டப்பா காலியான பிறகுதான் விளங்கியது.

அதே கடையில் 2014 அக்டோபரில் நோக்கியா போனுக்கான கவரும் சார்ஜரும் மொத்தமாகக் கொள்முதல் செய்தேன். விற்றவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றியும் விட்டார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நவம்பர் 1-ஆம் தேதி, பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் ஓடிக்கொண்டிருந்த நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. மாதக்கணக்கில் பேப்பரில் வந்துகொண்டிருந்த செய்திதான். ஊரில் நான் ஒருவன்தான் அந்தப் பேப்பரில் ராசிபலன் மட்டும் படித்திருக்கிறேன்.

2016 ஆகஸ்டில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் தொழில். செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையம் இலவசம், பாட்டு ஆகாயத்திலிருந்தே கொட்டியது.

2020 பிப்ரவரியில் நூறு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன், விசேஷங்களுக்கு வாடகைக்கு விட. மார்ச்சில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு ஊரில் எனக்கென்று ஒரு மரியாதை ஏற்பட்டது. டீக்கடையில் பார்த்தால் பெரியவர்கள் இடம் விட்டு உட்காரச் சொல்வார்கள். "முதலாளி, அடுத்து இன்னா தொழில் ஆரம்பிக்கப் போறீங்க? முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நாங்க அதுல போட்ட துட்ட வெளிய எடுத்துடுவோம்."

தோற்றவனுக்குப் படிப்பு வரும். தோற்ற சரக்கெல்லாம் குழிக்குள் போய்ச் சேர, நான் கம்பெனிகளின் கதையைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் என் சம்சாரம் இருக்கிறாள். மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டும், முந்தியில் குஞ்சம் கட்டிக்கொண்டும் உட்கார்ந்திருப்பாள். ஓட முடியாத நிலை. நான் ஆரம்பிப்பேன்.

"நோக்கியாவ எடுத்துக்கோ. 1865-ல பின்லாந்துல மரக்கூழ் ஆலையா ஆரம்பிச்சது. அப்புறம் காகிதம், அப்புறம் ரப்பர் பூட்சு, கேபிள் கம்பி, டிவி. கடைசியாத்தான் போன்."

"பழசயெல்லாம் குழியில போட்டு வெச்சாங்களா?"

நான் காதில் வாங்கவில்லை. "2007-ல ஐபோன் வந்துச்சு. இவங்க சுதாரிக்கிறதுக்குள்ள தலைக்கு மேல போயிடுச்சு. 2014-ல போன் தொழிலையே மைக்ரோசாஃப்ட்கிட்ட வித்துட்டாங்க. செத்துட்டாங்களா? இல்ல. டெலிபோன் கம்பெனிகளுக்கு வேணும்ங்கிற கருவிய செஞ்சு வித்துக்கினு இருக்காங்க. நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஆலைய சால்காம்ப் கம்பெனி வாங்கிடுச்சு. அங்க இப்ப சார்ஜர் செய்யறாங்க."

"நம்ம குழியிலயும் சார்ஜர்தான கீது?"

"அது வேற முனை."

இன்னொரு நாள் ராயல் என்ஃபீல்டு. ஒரகடத்தில் 2013 முதல் ஆலை நடத்துகிறார்களே, அவர்கள்தான். அந்தக் கம்பெனியின் பூர்வீகம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊர். ஆதியில் செய்தது தையல் ஊசி. பிறகு சைக்கிள், துப்பாக்கிக்கான பாகங்கள், 1901-ல் மோட்டார் சைக்கிள். 1955-ல் சென்னைக்கு வந்தது. இங்கிலாந்தில் இருந்த தாய்க் கம்பெனி 1970 வாக்கில் மூடிப்போயிற்று. திருவொற்றியூரில் இருந்த பிள்ளை பிழைத்துக்கொண்டது. "ஊசி செஞ்சவன் புல்லட் செய்யறான் பாத்தியா! தொழிலை மாத்தறதுன்னா இப்படி மாத்தணும்" என்று தொடையைத் தட்டினேன்.

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "ஊசி செய்யறவனுக்கு இரும்பு கைவசம் இருந்துருக்கும். இரும்பு கைக்கு வந்தவன் சைக்கிள் செய்வான், துப்பாக்கி செய்வான், புல்லட்டும் செய்வான். அவங்க தெரிஞ்ச கைய வெச்சிக்கினு பொருளத்தான் மாத்தினாங்க. நீங்க கேசட்டு செய்யத் தெரிஞ்சா கேசட்டுக் கடை வெச்சீங்க? போன் தெரிஞ்சா போன் கடை வெச்சீங்க? நாற்காலியில உக்காரத்தான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. ஊசி குத்தியதாகவே இருக்கலாம். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவள் சொன்னதை வைத்து எங்கள் பட்டுத் தொழிலையே யோசித்துப் பார்த்தேன். தெரிந்த கையை விடாமல் பொருளையும் விற்கிற விதத்தையும் மாற்றியவர்கள் எத்தனை பேர்! அப்பாவின் தறிமேல் இருந்த ஜக்கார்டு பெட்டி, பிரான்சில் லியோன் ஊரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் செய்துகாட்டிய சாதனத்தின் வாரிசு. அட்டையில் ஓட்டை இருந்தால் இழை மேலே போகும், இல்லையென்றால் நிற்கும். அதற்கு முன் பூவேலையை நூல் நூலாகக் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கள் வேலை போய்விடும் என்று லியோன் நெசவாளிகள் அந்தப் பொறியை எதிர்த்துச் சண்டை போட்டார்கள். அந்த ஓட்டை அட்டைதான் பின்னால் கணக்குப் பொறிகளுக்குப் போய், கம்ப்யூட்டர்களுக்கும் ரொம்ப காலம் தீனி போட்டது. அப்பா அந்த அட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தலைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். எனக்கு அவை பட்டம் செய்ய உதவின. நான் கிழித்த இரண்டு அட்டையால் ஒரு முந்தியில் அன்னப்பட்சிக்குக் கழுத்து இல்லாமல் போன வரலாறும் உண்டு.

காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த நல்லி சின்னசாமி செட்டியார், 1928-ல் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த தியாகராய நகரில் கடை போட்டார். சேலை அதே சேலைதான். வாங்குகிறவர்கள் எங்கே குடியேறுகிறார்கள் என்று பார்த்து அங்கே போய் உட்கார்ந்தார். 1924-ல் திருநெல்வேலியில் தொடங்கிய ஆரெம்கேவி, ஒரே சேலையில் 50,000 நிறங்களைக் கொண்டுவந்து காட்டியது. சென்னை சில்க்ஸ் ரவிவர்மாவின் 11 ஓவியங்களை ஒரே பட்டில் நெய்து, தங்கமும் கற்களும் பதித்தது. 2008 ஜனவரியில் அது 39,31,627 ரூபாய்க்கு விற்று கின்னஸில் ஏறியது. கடைசி 27 ரூபாயைக்கூடத் தள்ளிக் கொடுக்கவில்லை பாருங்கள், அதுதான் வியாபாரம். 1935-ல் பிறந்த கோ-ஆப்டெக்ஸ், நெய்தவரின் படத்தைச் சேலையோடு அட்டையாக வைத்துக் கொடுத்தது. துணியோடு முகத்தையும் விற்கலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? அப்பா இருந்தபோது அது வரவில்லை. வந்திருந்தால் படம் எடுக்கச் சட்டை போட்டிருப்பாரா என்பது சந்தேகம்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 1985-ல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். 2005-06-ல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்தது. ஆனால் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சுங்குவார்சத்திரம், ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற இடத்துக்குத்தான் கால் போகும். அதில் ஏறிய முதல் ஆட்களில் ஒருவன், வேறு பஸ்ஸில் என்றாலும், நானே அல்லவா?

இப்படியெல்லாம் யோசித்து விடியற்காலையில் ஒரு பெரிய முடிவுக்கு வந்தேன். குழியை மண் போட்டு மூடிவிடுவது.

விதி, அன்று காலை ஐந்து மணிக்கே கதவைத் தட்டியது. எதிர்வீட்டுப் பெண். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கையில் ஒரு பட்டுப்புடவை, கண்ணில் தண்ணீர். "பெரியம்மா, ஃபிரெண்டு கல்யாணம். வேன் ஆறு மணிக்கு. யூடியூப் பாத்து மூணு தடவ கட்டிட்டேன். கொசுவம் நிக்கவே மாட்டேங்குது."

என் சம்சாரம் புடவையைக் கையில் வாங்கினாள். தரையில் உட்கார்ந்தால் அவளுக்கு முட்டி வலி. நின்றுகொண்டு இஸ்திரி போட்டால் இடுப்பு வலி. நேராகக் குழியின் விளிம்புக்குப் போனாள். குழிக்குள் இருந்த இரண்டு நாற்காலியை எடுத்து வெளியே வீசிவிட்டு, கால்களை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்தாள். அப்பா உட்கார்ந்த அதே இடம். ஒரு பலகையைக் குறுக்கே போட்டாள். முந்தியை மடித்துக் கிளிப் போட்டாள். ஜரிகை கருகாமல் மேலே வெள்ளைத் துணியை விரித்துத் தேய்த்தாள். இடுப்பளவு கேட்டு, ஐந்து விரல் அகலத்துக்குக் கொசுவத்தை அடுக்கிப் பின் குத்தி, பெட்டி மாதிரி மடித்துக் கையில் கொடுத்தாள். "சுத்திக்கினு சொருவினா போதும், போ." இருபது நிமிஷம்.

அந்தப் பெண் வேனில் போனாள். மறுநாள் வேனில் இருந்த பதினோரு பெண்களும் போன் செய்தார்கள்.

குழியைத் தோண்டி எடுக்கும் வேலை எனக்கு வந்தது. கீழடியில் அடுக்கு அடுக்காக எடுத்தார்களே, அப்படியே. மேலடுக்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதன் கீழே மெமரி கார்டு ரீடர்கள். அதன் கீழே நோக்கியா கவர், சார்ஜர். அதன் கீழே மஞ்சள் பலகை. அடியில் எலி கடித்த கேசட்டுகள். எல்லாவற்றுக்கும் கீழே, மண்ணில் புதைந்து, அப்பாவின் நாடா ஒன்று கிடைத்தது. அதைத் துடைத்து சாமி மாடத்தில் வைத்தேன். மற்ற நாகரிகங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

இப்போது என் சம்சாரத்தின் தொழில் இதுதான்: கொசுவம் வைத்துக் கொடுப்பது. நெய்கிற கை எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் பட்டு எங்கே வளையும், எங்கே முறியும், ஜரிகை எந்தச் சூட்டைத் தாங்கும் என்பது மாமனாரின் நாடாவுக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்த காலத்திலிருந்தே அவள் விரலுக்குத் தெரியும். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பட்டு கட்ட ஆசை இருக்கிறது. கட்டத் தெரியவில்லை, நேரமும் இல்லை. இதை அவள் வாசலில் பார்த்துக் கண்டுபிடித்தாள். நான் பேப்பரில் தேடிக்கொண்டிருந்தேன். காலை ஷிஃப்டுக்குப் போகிறபோது கம்பெனி பஸ் டிரைவர் புடவைப் பையைக் கொடுத்துவிட்டுப் போவார். மாலையில் வாங்கிக்கொண்டு போவார். ஒரு புடவைக்கு 300 ரூபாய். ஐந்து புடவை கொடுத்தால் அம்மா புடவை ஒன்றுக்குக் கொசுவம் இலவசம்.

"இது சிக் ஷாம்பு கணக்காச்சே!" என்றேன், பெருமையோடு.

"நீங்க சொன்னதுல அது ஒண்ணுதான் காதுல விழுந்துது" என்றாள்.

எனக்கும் உத்தியோகம் உண்டு. ஐந்தரை மீட்டர் பட்டை ஒருத்தியாக விரிக்க முடியாது; நுனியை ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். குழிக்கு வலப்பக்கம், அப்பாவுக்குக் கரை நாடா தள்ளிய அதே இடத்தில் உட்கார்ந்து பிடிக்கிறேன். வயது 63. சிற்சில மத்தியானங்களில் கண் சொருகுகிறது. முழங்கை இடியும் குடும்ப வழக்கப்படி கிடைக்கிறது.

ஒரு நல்ல பேர் வைத்து, வாசலில் பலகை மாட்டலாம் என்று மெள்ளச் சொல்லிப் பார்த்தேன். "கொசுவக் கம்பெனி" என்று பேர்கூட யோசித்துவிட்டேன். அவள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போவும். பலகை மட்டும் மாட்டிடாதீங்க."

ஆகவே, தொழில் செய்கிற அன்பர்களுக்கு என்னாலான ஓர் உதவி. தென்னேரிப் பக்கம் வந்தால் எங்கள் வாசலை ஒருமுறை எட்டிப் பாருங்கள். பலகை இல்லையென்றால், உங்கள் தொழிலுக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை.